பாலத்துப் பாரா

எங்கள் ஊரில் ஒரே ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருப்பதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இரண்டு. ஒன்று காகிதத்தில் இருக்கிறது, இன்னொன்று கட்டிடத்தில் இருக்கிறது. காகித ஸ்டேஷனில் நாற்பது பேர் கம்பீரமாக வேலை பார்க்கிறார்கள். கட்டிட ஸ்டேஷனில் காலை ஆஜருக்கு வரிசையில் நிற்கிறவர்களை எண்ணினால் அதில் பாதி தேறாது. மீதிப் பேர் எங்கே என்று கேட்டால், ஒருவர் பெரிய அதிகாரி வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார், ஒருவர் அந்த வீட்டு நாயோடு நடக்கப் போகிறார், இரண்டு பேர் தலைமையகத்து பேண்டு வாத்தியத்தில் ஊதிக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். ஓய்வு பெற்றவர்களுடைய இடமோ அவர்களோடு சேர்ந்தே வீட்டுக்குப் போய்விட்டது. புது ஆள் எடுக்கத் தடை வந்ததிலிருந்து அப்படித்தான். ஒருவர் போனால் அவர் நாற்காலியும் போகும்.

நான் அங்கே ரைட்டர். எழுத்தாளர் என்று நினைத்துவிட வேண்டாம், சீருடை போட்ட குமாஸ்தா, அவ்வளவுதான். புகாரை எழுதுவது, கோர்ட்டுக்குப் போகிற கட்டுகளைச் சரிபார்ப்பது, இன்றைக்கு யார் எங்கே நிற்பது என்று இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுதுவது. நேரில் ரைட்டரம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வாய் நீளம் என்பார்கள். இரண்டும் சரிதான்.

ஊர் நடுவில் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிழக்குப் பகுதி, அந்தப் பக்கம் மேற்குப் பகுதி. பகுதிக்கு ஒரு சப்-இன்ஸ்பெக்டர். அவர்களை நாங்கள் கிழக்கு, மேற்கு என்றேதான் கூப்பிடுவோம். "கிழக்கு சாப்பிடப் போயிருக்கு, மேற்கு தூங்குது" என்று வயர்லெஸ் அறையில் சொல்வது சாதாரணம். இருவரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எல்லை என்று வந்துவிட்டால் அண்ணன் தம்பி சொத்துத் தகராறு தோற்றுவிடும். ஆற்றுப் பாலத்தின் நடுவில்தான் எல்லை. பாலத்தில் ஒரு நாய் செத்துக் கிடந்தால்கூட இரண்டு பக்கத்து ஆளும் குச்சியை எடுத்துக்கொண்டு வந்து அடுத்த பாதிக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஒருமுறை இரண்டு சைக்கிள்கள் மோதிக்கொண்டதற்கு டேப் வைத்து அளந்தார்கள். அடிபட்டவன் அதுவரைக்கும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இதை நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்போது சிரிப்பதில்லை.

எங்கள் ஸ்டேஷனில் லாக்கப் வாசலில் பாரா, அதாவது காவல், நிற்கிறவர் ஏட்டய்யா. தலைமைக் காவலர். ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. நல்ல உயரம், நெஞ்சு நிமிர்ந்த ஆள். ஒரு காலத்தில் ஊரில் எந்தச் சந்தில் எந்த வீட்டுக் கதவு சரியாகச் சாத்தாது என்பது வரைக்கும் தெரிந்தவர். அப்புறம் மறதி வந்தது. எல்லாருக்கும் வருகிற மறதி இல்லை, ஆளையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற வியாதி. முதலில் சாவிகள் போயின. பிறகு தெருக்கள் போயின. பிறகு மனிதர்கள். ஒருநாள் சீருடையோடு தண்டவாளத்தின் மேல் நடந்துகொண்டிருந்தவரை கேட்கீப்பர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு டியூட்டிக்கு என்றாராம்.

அவருடைய மனைவியை எல்லாரும் அக்கா என்போம். இன்ஸ்பெக்டர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். பிள்ளை குட்டி இல்லை. அக்கா ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வர முடியும். வீட்டில் அவரைப் பூட்டி வைத்துவிட்டுப் போக மனசு வரவில்லை. பூட்டாமல் போனால் தண்டவாளம்.

பாராவின் ரகசியத்தைக் கண்டுபிடித்தது அக்காதான். பாராவில் ஒரு விதி உண்டு. நிறுத்தின இடத்தை விட்டு நகரக் கூடாது. மாற்ற ஆள் வந்து, எதிரே நின்று, சல்யூட் அடித்து, பாரா மாத்தியாச்சு என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். நாங்கள் எல்லாரும் அதைப் பெயருக்குத்தான் கடைப்பிடிப்போம். டீ குடிக்கப் போவோம், எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். ஏட்டய்யா அப்படி இல்லை. எல்லாம் அழிந்துபோன மண்டைக்குள் அந்த ஒரு விதி மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் அக்கா அடுப்பை விட்டு நகர முடியாமல், வாசலைத் திறக்கப் போனவரிடம் ஆத்திரத்தில் "அங்கேயே பாரா நில்லுங்க, மாத்த ஆள் வரும்" என்று சொல்லியிருக்கிறாள். மனுஷன் விறைப்பாக நின்றுவிட்டார். அவள் வேலையை முடித்துவிட்டு வந்து பார்க்கிறாள், அசையவில்லை. எதிரே போய் நின்று, அவள் பாட்டுக்கு ஒரு சல்யூட் அடித்து, "பாரா மாத்தியாச்சு" என்றாளாம். கையைத் தளர்த்திக்கொண்டு சாப்பிட வந்துவிட்டார்.

அக்கா அடுத்த நாளே ஸ்டேஷனுக்கு வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றாள்.

"அவரை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பாதீங்க சார். வீட்டுக்கு அனுப்பிட்டா நான் வேலைக்குப் போற நேரம் யார் பாத்துக்குவா? இங்கன்னா இத்தனை பேர் கண்ணு இருக்கு. லாக்கப் வாசல்ல நிறுத்துங்க, நிப்பாரு. ஒரே ஒரு வேண்டுதல், காம்பவுண்டுக்கு வெளிய மட்டும் போட்டுடாதீங்க. சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன். தினமும் அவர் வீடு வந்து சேந்தா போதும், வேற ஒண்ணும் கேக்கல."

இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார். தர்மத்துக்காக என்று சொல்ல மாட்டேன். ஏட்டய்யாவை அனுப்பினால் அவர் இடமும் போகும், ஏற்கெனவே முழி பிதுங்குகிறது. நிற்கத் தெரிந்த ஒரு தலை கையில் இருக்கிறது. அக்காவுக்குப் பாதுகாப்பு, இன்ஸ்பெக்டருக்குத் தலைக்கணக்கு. ரெண்டு பேருக்கும் நல்லதாகத்தான் இருந்தது.

தினமும் சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு அக்கா வருவாள். உள்ளே வந்து லாக்கப் எதிரே நின்று சல்யூட் அடிப்பாள். முதலில் கட்டைவிரல் காதுக்குள் போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தவள், நாளாக ஆக எங்கள் புதுக் காவலர்களைவிட நன்றாக அடித்தாள். "அக்காவையே எடுத்துக்கலாம், ஒரு இடம் நிரம்பும்" என்று டிரைவர் கிண்டல் செய்வான். அக்கா சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள். லாக்கப்பில் இருக்கிற திருடன்கூட "போய்ட்டு வாங்க ஏட்டய்யா" என்று வழியனுப்புவான்.

அந்த நாள் வந்தது. பெரிய மனிதர் ஒருவர் எங்கள் ஊர் வழியாகக் காரில் போகிறார். இறங்கப் போவதில்லை, டீ குடிக்கப் போவதில்லை, கண்ணாடியைக்கூட இறக்கப் போவதில்லை. ஆனால் வழியில் எந்த முனையிலும் சீருடை இல்லாமல் இருக்கக் கூடாது என்று தலைமையகத்து உத்தரவு. வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து அனுப்பியிருந்தார்கள். காகித ஸ்டேஷனை நினைத்து வைத்த புள்ளிகள். காலை ஆஜரில் இன்ஸ்பெக்டர் எங்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். எத்தனை தடவை எண்ணினால்தான் என்ன? வாசல் மேஜையில் இருந்தவரையும் அனுப்பினார். நீதிமன்ற டியூட்டியை நிறுத்தினார். கடைசியில் ஒரே ஒரு புள்ளிக்கு ஆள் இல்லை. பாலத்தின் நடுப்புள்ளி.

அவர் கண் லாக்கப் பக்கம் போனது.

"சார், அக்கா கேட்டுக்கிட்டது..."

"தெரியும் ரைட்டரம்மா. ஓட வேண்டாம், பிடிக்க வேண்டாம், சும்மா நிக்கிற வேலை. நிக்கிறதுல அவரை அடிச்சுக்க இந்த ஸ்டேஷன்ல ஆள் இருக்கா? கார் போனதும் கூட்டிட்டு வந்துடப் போறாங்க. அக்கா வர்றதுக்குள்ள இங்க இருப்பாரு."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. நிற்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லைதான். வாக்கி-டாக்கி கையிருப்பும் தீர்ந்துவிட்டது. அவருக்குக் கொடுத்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று யாருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. மேற்குத்தான் தன் ஜீப்பில் போகிற வழியில் அவரைப் பாலத்தில் இறக்கிவிட்டார். பாலத்துப் புள்ளி கிழக்கின் பட்டியலில் இருந்தது. இறக்கினது மேற்கு, பட்டியல் கிழக்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் எல்லாம் போயிற்று.

"ஏட்டய்யா, இங்க பாரா. மாத்த ஆள் வரும், அதுவரைக்கும் நில்லுங்க" என்று மேற்கு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஏட்டய்யா சல்யூட் அடித்திருக்கிறார்.

பெரிய மனிதரின் கார்கள் உச்சிப்பொழுதுக்கு முன்பே புழுதி கிளப்பிப் போய்விட்டன. அவரவர் பகுதி ஆட்களை அவரவர் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். கிளம்புவதற்குள் சந்தைக்குப் பக்கத்தில் லாரி ஒன்று கவிழ்ந்தது. எல்லாரும் அங்கே ஓடினார்கள். சந்தைக்குப் புறவழிப் பாலம்தான் கிட்ட, அதனால் ஆற்றுப் பாலத்துப் பக்கம் யாரும் போகவில்லை. அப்போது பிடித்த மழைதான், விடவே இல்லை. ஆளாளுக்கு நனைந்துகொண்டு, ஆளாளுக்கு ஒரு நேரத்துக்கு ஸ்டேஷன் வந்து சேர்ந்தார்கள். பாலத்து ஆளை, இறக்கிவிட்டவர் ஏற்றியிருப்பார் என்று கிழக்கு நினைத்தார். பட்டியலில் வைத்திருக்கிறவர் ஏற்றியிருப்பார் என்று மேற்கு நினைத்தார். இரண்டு பேரும் தங்கள் ஆட்கள் எல்லாரும் வந்தாயிற்று என்று சொன்னார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. லாக்கப் வாசலில் வேறு ஆள் மாறி நின்றதால் ஏட்டய்யா பின்னறையில் துணி காயவைத்துக்கொண்டிருப்பார் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

சாயங்காலம் அக்கா குடையோடு வந்தாள். அவருக்காக இன்னொரு குடையும் கையில் இருந்தது. லாக்கப் எதிரே போய் நின்றவள் கையைத் தூக்காமல் திரும்பினாள்.

"எங்க அவரு?"

பின்னறையில் இல்லை. மாடியில் இல்லை. கழிவறையில் இல்லை. கிழக்கு மேற்கைப் பார்த்தார், மேற்கு கிழக்கைப் பார்த்தார். "வந்துட்டாரே" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஏட்டய்யா திரும்பி வந்து, மழைக் களேபரத்தில் யாரும் கவனிக்காமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டார் என்று எல்லாரும் முடிவுக்கு வந்தோம். மறதிக்காரர் காணாமல் போனால் வேறென்ன நினைப்பது?

அதன் பிறகு நாங்கள் தேடின மாதிரி ஒரு தேடல் இந்த ஊரில் நடந்ததே இல்லை. கிழக்கு பஸ் நிலையத்துக்கு ஓடினார். மேற்கு தண்டவாளத்தோடு கேட் வரைக்கும் நடந்தே போனார். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் போகவில்லை. விடுப்பில் இருந்தவர்கள் வந்தார்கள். அவர் பழைய குடியிருப்பு, அவர் முதன்முதலில் வேலை பார்த்த சோதனைச் சாவடி, ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டகை. இத்தனை ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தேட ஆள் இருந்தது, கூட்டி வரத்தான் ஆள் இல்லை.

அக்கா என் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு குடையும் மடியில் இருந்தன.

"காலையில எங்க போட்டீங்க ரைட்டரம்மா?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பாலத்துலக்கா. ஆள் பத்தல. நான் சொல்லிப் பாத்தேன்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். படவில்லை.

"அங்க போய்ப் பாத்தீங்களா?"

"பந்தோபஸ்து அப்பவே முடிஞ்சிடுச்சேக்கா."

"அவர்கிட்ட யாரு சொன்னாங்க?"

நான் எழுந்து இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் வண்டியில் போனோம். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஏட்டய்யா பாலத்தின் நடுவில், கைப்பிடிச் சுவரோரமாக, மேற்கு இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சரம்சரமாக வடிந்துகொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்க மாட்டார். அந்தப் பாலத்தில் அன்றைக்கு எத்தனை பேர் போயிருப்பார்கள்! ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. போலீஸ்காரன் மழையில் நின்றால் ஏன் நிற்கிறான் என்று யார் கேட்கிறார்கள்? நிற்பதற்குத்தானே அவனுக்குச் சம்பளம்.

"வாங்க ஏட்டய்யா, போலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டய்யா சல்யூட் அடித்தார். விரல் பிசகாமல் அடித்தார்.

"மாத்த ஆள் வரலீங்கய்யா."

"நான் சொல்றேன், வாங்க."

"ஆள் வரட்டும்யா. நடுவுல விட்டுட்டு வரக் கூடாது."

டிரைவர் தோளைத் தொட்டான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வயர்லெஸ்ஸில் செய்தி கேட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் கிழக்கும் மேற்கும் வந்து சேர்ந்திருந்தார்கள். அவரவர் பாதியில் அப்படியே நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் ரத்தமே இல்லை.

அக்கா டிரைவரின் தலையிலிருந்து தொப்பியை எடுத்தாள். தன் தலையில் வைத்துக்கொண்டாள். குடைகளைக் கீழே போட்டுவிட்டு, மழையில் நடந்துபோய் அவர் எதிரே நின்று சல்யூட் அடித்தாள்.

"பாரா மாத்த வந்திருக்கேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "யாரும்மா நீங்க?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் அவளை நீங்க என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் இருக்கும். அக்கா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"புதுசு. இன்னிக்குத்தான் சேந்தேன்."

"தொப்பியை நேரா வைங்க." வைத்தாள். அவர் பொறுப்பாக எல்லாம் சொல்லிக் கொடுத்தார். "இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. ஒண்ணும் நடக்கல. வண்டிங்க வேகமா வருது, ஓரமா நில்லுங்க. ஆள் வராம நகரக் கூடாது, தெரியுதா?" கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"தெரியுதுங்க. பாரா மாத்தியாச்சு."

அவர் கையைத் தளர்த்தினார். வண்டியை நோக்கி நான்கு அடி நடந்தார். முழங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வண்டியில் படுக்க வைத்துப் போகும்போது முனகிக்கொண்டே வந்தார். "அந்தப் புதுப் பொண்ணு தனியா நிக்குது. மழையா இருக்கு. சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க." தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்த அக்கா, "அனுப்பியாச்சுங்க, அனுப்பியாச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நுரையீரல் முழுக்கச் சளி என்றார்கள். டாக்டர் இன்ஸ்பெக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, காலையைத் தாண்டுவது கஷ்டம் என்று சொன்னார். அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று, அவளே எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். எங்கள் ஆட்கள் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள். ஒருவர் போனால் ஒருவர் வந்தார். யாரும் யாரையும் டியூட்டி போடவில்லை.

காய்ச்சலில் ஏட்டய்யா மறுபடியும் பாலத்துக்குப் போய்விட்டார்.

"மாத்த ஆள் வந்தாச்சா?"

"வந்தாச்சுங்க" என்றாள் அக்கா, வழக்கம்போல. சொன்னதும் அவர் உடம்பு தளர்ந்தது. தளர்ந்ததோடு மூச்சும் தளர்ந்தது, அடுத்த மூச்சு வர வெகுநேரம் ஆயிற்று. நர்ஸ் ஓடி வந்து ஏதோ செய்தாள். அக்கா எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று எனக்கும் அப்போது புரிந்துவிட்டது.

அவர் மறுபடியும் கேட்டார். "ஆள் வந்தாச்சா?"

அக்கா கட்டிலுக்கு அருகே வந்து குனிந்தாள். "இல்லங்க. இன்னும் வரல. நில்லுங்க."

போர்வைக்குள் அவர் கால்கள் சேர்ந்தன. தோள் நிமிர்ந்தது. அந்த மனுஷன் படுத்தபடியே நின்றார். மூச்சு இழுத்தது, ஆனால் விடாமல் வந்தது. டாக்டர் சொன்ன காலை வந்தது, போனது. அடுத்த நாளும் வந்தது. டாக்டர் ஆச்சரியப்பட்டார். எப்படித் தாங்குகிறார் என்று அவருக்குத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் அக்கா அதையே சொன்னாள். ஒரு தடவைகூட அவள் குரல் பிசகவில்லை. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான். ஒரு தடவை அவர், "ரொம்ப நேரமா நிக்கிறேன்மா" என்றார். புகாராகச் சொல்லவில்லை, சும்மா ஒரு செய்தியாகச் சொன்னார். "கொஞ்சம் பொறுத்துக்குங்க, இதோ வந்துடுவாங்க" என்றாள்.

அடுத்த காலையில், ஸ்டேஷனில் ஆஜர் எடுக்கிற நேரம். அவர் வலது கை போர்வையை விட்டு வெளியே வந்து மேலே எழப் பார்த்தது. பாதிக்கு மேல் எழவில்லை. நெற்றிக்குப் போக வேண்டிய கை நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே முடியாது ரைட்டரம்மா, பாவம்" என்றாள். எனக்குச் சொன்னாளா அவளுக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

எழுந்தாள். முடியைச் சரிசெய்துகொண்டாள். கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று சல்யூட் அடித்தாள்.

"பாரா மாத்தியாச்சு. ஆள் வந்தாச்சுங்க. நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் போனார்.

எங்கள் துறையில் வேகமாக எதுவும் நடக்காது என்று யார் சொன்னது? இரண்டே வாரத்தில் தலைமையகத்திலிருந்து ஆணைகள் வந்துவிட்டன. பாலம் முழுவதையும் மேற்குப் பகுதியில் சேர்த்துவிட்டார்கள். இனி நாய் செத்துக் கிடந்தால் தள்ளிவிட வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இன்னோர் ஆணையும் வந்தது. அதை நான்தான் பிரித்துப் படித்தேன், படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன்.

அக்கா ஏட்டய்யாவின் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். துறையின் பொருள் துறைக்கே திரும்ப வேண்டும், அதுவும் ஒரு விதி. சீருடைகளை இஸ்திரி போட்டு, மடிப்பு கத்தி மாதிரி நிற்க, கொண்டுவந்திருந்தாள். பெல்ட்டைத் துடைத்திருந்தாள். விசிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம் என்று மேஜையில் வைத்தாள்.

"வர்றவருக்கு வேணுமே. அவரு இடத்துக்கு ஆள் போட்டாச்சா?"

லாக்கப் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. ஆள் இல்லாததால் கதவுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டு விட்டுவிட்டோம். அவளிடம் பொய் சொல்லியிருக்கலாம், நாளைக்கு வருகிறார்கள் என்று. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு வாயில் வரவில்லை.

"இல்லக்கா. அந்த இடத்தையே எடுத்துட்டாங்க."

"அப்ப யாரும் வர மாட்டாங்களா?"

"வர மாட்டாங்கக்கா."

அக்கா விசிலைப் பார்த்தாள். காலி வாசலைப் பார்த்தாள். பிறகு, தப்புச் செய்துவிட்டுப் பிடிபட்ட சின்னப் பெண் மாதிரி, என்னைப் பார்த்தாள்.

"நான் அவர்கிட்ட ஆள் வந்தாச்சுன்னு சொல்லிட்டேனே" என்றாள்.